நிலம் கொண்டவர்கள்: ஓர் ஐஸ்லாந்து வினைச்சொல்லின் கதை

ஐஸ்லாந்து மொழியில் ‘நெமா’ என்றொரு வினை உண்டு. எடுத்தல், பெறுதல் என்பது அதன் பழைய பொருள். இன்று கையால் ஒரு பொருளை எடுப்பதற்கு அங்கே ‘டாக்கா’ என்ற வேறு வினை வழங்குகிறது. நெமா சில வழக்குகளில் மட்டும் நிலைத்திருக்கிறது. மாணவர் ‘நெமாண்டி’, படிப்பு ‘நாம்’, சுரங்கம் ‘நாமா’. ஒரு சட்டத்தை ஒழித்தால் ‘அஃப்நெமா’. ஆளைக் கடத்தினால், ‘அப்பால்’ என்னும் பொருள்தரும் சொல்லோடு இதே வினை. நிலம் என்னும் சொல்லோடு சேர்ந்து ‘நெமா லாண்ட்’ ஆகும்போது, ஆளில்லாத இடத்தில் முதன்முதலாகக் குடியேறுதல் என்று பொருள். அதன் பெயர்ச்சொல் ‘லாண்ட்நாம்’. ஏறத்தாழ 870 முதல் 930 வரை, நார்வேயிலிருந்தும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து கரைகளிலிருந்தும் மக்கள் கப்பலேறி வந்து அந்தத் தீவை நிரப்பிய காலத்துக்கே அது பெயராகிவிட்டது.

இது ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்து. ஜெர்மன் மொழியின் ‘நேமன்’ இதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்திலும் ‘நிமன்’ என்று இருந்தது. இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களின் ‘டாக்கா’ அங்கே ‘டேக்’ ஆகி, உள்ளூர் வினையைத் துரத்திவிட்டது. குடியேறியவர்களின் சொல் குடியிருந்தவர்களின் சொல்லை அகற்றிய கதை அது. உணர்வு பறிபோன நிலையைச் சொல்லும் ‘நம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லில் மட்டும் பழைய வினையின் எச்சம் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வினையைப் புரியவைக்க ‘கொள்’ போதும். பெற்றுக்கொள்கிறோம், கற்றுக்கொள்கிறோம், பொருளும் பாடமும் ஒரே வினைக்குள் வந்து சேர்கின்றன. 907இல் பட்டத்துக்கு வந்த முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ என்று கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்ட அதே தலைமுறையில்தான் வட அட்லாண்டிக்கில் நிலம் கொண்டோரின் வாரிசுகள் தங்கள் முதல் பொதுமன்றத்தைக் கூட்டினார்கள். மதுரை கொண்டான் என்றால் யாரிடமிருந்து என்பதும் கூடவே தெரியும்; பாண்டியனைத் தோற்கடித்தான் என்பதே அந்தப் பட்டத்தின் பெருமை. ஐஸ்லாந்தின் நெமா லாண்ட் அப்படியில்லை. யார் கொண்டார், எந்த ஆற்றிலிருந்து எந்த ஆறுவரை என்ற இரண்டு விவரங்களையே அது கேட்கிறது. யாரிடமிருந்து என்ற கேள்விக்கு அந்தத் தொடரில் இடமே கிடையாது. இந்த வினையின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இடமில்லாத அந்தக் கேள்வி எங்கெல்லாம் பதில் இல்லாமல் போயிற்று, எழுவாயாக நிற்க யாருக்கெல்லாம் உரிமை மறுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

வினையின் பெரும் களஞ்சியம் ‘லாண்ட்நாமாபோக்’, அதாவது குடியேற்ற நூல். நானூறுக்கும் மேற்பட்ட முதல் குடியேறிகளை, தீவைச் சுற்றி வலம்வருவதுபோல் இடவரிசையில் அது சொல்லிச் செல்கிறது. ஆட்பெயர்கள் 3,000க்கும் மேல். இடப்பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல். முதல் வடிவம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அறிஞர் ஆரி தோர்கில்சன் காலத்தில் உருவாகியிருக்க வேண்டும்; அது கிடைக்கவில்லை. நம்மிடம் இருக்கும் முழு வடிவங்களில் பழையது 1284இல் இறந்த ஸ்டுர்லா தோர்தார்சன் தொகுத்தது. அதன் மூலத் தோல்சுவடி 1728ஆம் ஆண்டு கோபன்ஹேகன் தீவிபத்தில் எரிந்துபோனது. 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் எடுத்துவைத்த கைப்படியால் நூல் பிழைத்தது. அடுத்தது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவுக்குர் எர்லெண்ட்சன் எழுதியது.

நூலைத் தொடர்ந்து படித்தால் ஒரு வாய்பாடு காதில் பதிந்துவிடும். இன்னாருடைய மகன் இன்னார். இந்த ஆற்றுக்கும் அந்த ஓடைக்கும் இடையே நிலம் கொண்டார். இந்த இடத்தில் வாழ்ந்தார். அவர் பிள்ளைகள் இன்னின்னார். கொண்டார் என்பதற்கு நெமா, வாழ்ந்தார் என்பதற்கு ‘பூவா’. மூன்றாவதாக ‘பிக்யா’ என்ற வினையும் உண்டு. குடியேறி நிரப்புதல் என்பது அதன் பொருள். அறுபது ஆண்டுகளில் நாடு முழுவதும் குடிநிரம்பிவிட்டது என்று ஆரி தம் சிறு வரலாற்று நூலில் எழுதும்போது கையாள்வது பிக்யாவைத்தான். பூவாவும் பிக்யாவும் வாழ்க்கையைச் சொல்பவை; நெமா உரிமையைச் சொல்வது. அதனால்தான் அதற்குச் சடங்கு தேவைப்பட்டது.

ஹவுக்குருடைய வடிவத்தில் ஒரு விதி வருகிறது. முதலில் வந்தவர்கள் மிதமிஞ்சி நிலம் வளைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் வந்தவர்கள் குறைபட்டார்களாம். நார்வே மன்னர் ஹரால்ட் ஒரு தீர்வு சொன்னாராம். கப்பலில் வந்த ஆட்களோடு ஒருவர் ஒரு பகலில் நெருப்புக் கொண்டு சுற்றிவரக்கூடிய அளவுக்கு மேல் நிலம் கொள்ளக் கூடாது. சூரியன் கிழக்கில் இருக்கும்போது முதல் தீயை மூட்ட வேண்டும். ஒரு தீயின் புகை அடுத்த தீயிடத்திலிருந்து தெரிய வேண்டும். சூரியன் மேற்கே வரும்வரை நடந்து நடந்து தீ மூட்டிக்கொண்டே போக வேண்டும். கிழக்கில் மூட்டியவை இரவுவரை எரிந்துகொண்டிருக்க வேண்டும். அக்காலத்தில் நார்வே மன்னருக்கு அந்தத் தீவில் எந்த அதிகாரமும் இல்லை. ஹவுக்குர் எழுதியதோ, 1262–64இல் ஐஸ்லாந்து நார்வே முடியின்கீழ் வந்துவிட்ட பிறகு. அவரே மன்னரின் நீதி அலுவலராக இருந்தவர். முதல் நிலக்கணக்கிலேயே மன்னரின் கை இருந்தது என்று காட்ட அவர் காலத்துக்கு ஒரு தேவை இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த விதியைப் படிக்க முடியாது.

தீ பற்றிய செய்தி முழுவதும் கற்பனை என்றும் தள்ள முடியாது. நூலின் வேறு இடங்களிலும் அது தலைகாட்டுகிறது. வட ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி இன்னும் யாராலும் கொள்ளப்படாமல் இருந்தது. எய்ரீக்குர் என்பவர் அதை முழுவதும் எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறார் என்று பக்கத்தில் குடியிருந்த ஓனுண்டுருக்குத் தெரிந்தது. நடந்துபோய்த் தீ மூட்ட நேரமில்லை. எரியும் அம்பு ஒன்றை ஆற்றின் குறுக்கே எய்து, அக்கரை நிலத்தைத் தனதாக்கிக்கொண்டார். நெருப்பு தொட்ட மண் மனிதனுடையது என்ற நம்பிக்கையின் சட்ட வடிவம் அது.

பெண்களுக்கு நெருப்பு கிடையாது, கிடாரி உண்டு. நல்ல தீனி தின்ற இரண்டு வயதுக் கிடாரியை வசந்தகாலப் பகல் ஒன்றில், சூரிய உதயத்திலிருந்து மறைவுவரை ஓட்டிச் சுற்றிவருமளவு நிலத்தைப் பெண் கொள்ளலாம். தோர்கெர்துர் என்ற பெண்ணின் கணவர் கடலிலேயே இறந்துபோனார். பிள்ளைகளோடு கரையிறங்கிய அந்தப் பெண் தென்கிழக்குக் கரையில், பெரும் பனிமலையின் அடிவாரத்தில், கிடாரியை முன்னே ஓட்டி ஒரு வட்டாரத்தையே கொண்டார். கிடாரி எந்த மலையடியில் புறப்பட்டு எந்தப் பாறையில் நின்றது என்பதுவரை நூலில் இருக்கிறது. பல தலைமுறைகள் விளைந்த அந்த வட்டாரத்தை 1362இல் அதே பனிமலைக்குள்ளிருந்த எரிமலை வெடித்துப் பாழாக்கியது. பின்னால் அதற்கு வைத்த பெயர் ‘ஓரைவி’. பாழ்நிலம் என்று பொருள். தோர்கெர்துர் போல நெமாவுக்கு எழுவாயாக நிற்கும் பெண்கள் நூலில் பதின்மருக்குச் சற்றே மேல். நானூற்றுச் சொச்சம் பேரில் அவ்வளவுதான்.

அந்தச் சிலரில் ஸ்டெய்னுன் என்ற மூதாட்டியின் கதை என்னை அதிகம் ஈர்க்கிறது. முதல் குடியேறியாகக் கொண்டாடப்படும் இங்கோல்ஃபுர் அர்னார்சனுக்கு உறவினர் அவர். தென்மேற்கு மூலையில் ஒரு தீபகற்பத்தை இங்கோல்ஃபுர் அவருக்கு அன்பளிப்பாகத் தர முன்வந்தார். ஸ்டெய்னுன் சும்மா வாங்க மறுத்தார். இங்கிலாந்தில் நெய்த, முக்காடு வைத்த, பல நிற மேலங்கி ஒன்றைக் கொடுத்து, இது விலைக்கு வாங்கியதாகவே இருக்கட்டும் என்றார். அன்பளிப்பைத் திருப்பிக் கேட்கலாம், விற்றதைக் கேட்க முடியாது என்ற கணக்கு. எந்த வினையால் நிலம் தன் கைக்கு வந்தது என்று எழுதிவைக்கப்படுகிறதோ அதில்தான் பிள்ளைகளின் நாளைய பாதுகாப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தின் பழைய பெயர் ரோஸ்ம்குவாலாநெஸ், வால்ரஸ் முனை. ஐஸ்லாந்துக்கே உரிய வால்ரஸ் மரபினம் ஒன்று அங்கே இருந்ததையும், மனிதர் வந்தபின் அது முற்றாக அழிந்ததையும் 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஆளில்லாத நிலம் என்பதற்கு உயிரில்லாத நிலம் என்று பொருளில்லை.

ஆளில்லாத நிலம் என்பதுகூட முழு உண்மையில்லை. நார்ஸ் மக்கள் வந்தபோது ‘பாப்பர்’ எனப்பட்ட அயர்லாந்துத் துறவிகள் அங்கே இருந்தார்கள் என்றும், பிற சமயத்தாரோடு வாழ விரும்பாமல் புத்தகங்களையும் மணிகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றும் ஆரியே எழுதுகிறார். அவர்கள் இருந்ததற்கு மறுக்கமுடியாத தொல்லியல் சான்று இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எழுத்தில் அவர்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள்: தாமாகவே போனார்கள். யாரிடமிருந்து என்ற கேள்வி எழும் முன்பே அடங்கிவிடுகிறது.

எழுவாயாக நிற்கவே முடியாதவர்கள் அடிமைகள். இங்கோல்ஃபுர் கரையைக் கண்டதும் தம் வீட்டுப் பீடத்தின் மரத்தூண்களைக் கடலில் எறிந்து, அவை ஒதுங்கும் இடத்தில் குடியேறுவதாகச் சபதம் செய்தார் என்பது ஒவ்வொரு ஐஸ்லாந்துக் குழந்தைக்கும் தெரிந்த கதை. தூண்கள் ஒதுங்கிய இடமே இன்றைய ரெய்க்யாவிக். அவற்றைத் தேடி அலைந்து கண்டுபிடித்தவர்கள் வீஃபில், கார்லி என்ற இரண்டு அடிமைகள். நல்ல வளமான வட்டாரங்களையெல்லாம் கடந்துவந்து இந்த ஒதுக்குப்புற முனையிலா குடியிருப்பது என்று கார்லி குறைபட்டு, ஓர் அடிமைப் பெண்ணோடு ஓடிப்போனார். வீஃபிலுக்கு விடுதலை கிடைத்தது. குடியிருக்க இடமும் கிடைத்தது. நடந்தவர்கள் அவர்கள், கொண்டார் என்ற வினை மட்டும் இங்கோல்ஃபுருக்கு.

இங்கோல்ஃபுரின் உறவினர் ஹ்யோர்லெய்ஃபுர் அயர்லாந்திலிருந்து பிடித்துவந்த அடிமைகளின் முடிவு கொடியது. அவரிடம் ஒரே ஓர் எருதுதான் இருந்தது. அடிமைகளை ஏரில் பூட்டி உழவைத்தார். அவர்கள் அவரைக் கொன்றுவிட்டுப் பெண்களையும் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த தீவுகளுக்குத் தப்பினார்கள். இங்கோல்ஃபுர் தேடிவந்து அவர்களைக் கொன்றார். அந்தத் தீவுகளின் பெயர் இன்றும் வெஸ்ட்மன்னாயியர், மேற்கத்தியர் தீவுகள். மேற்கத்தியர் என்றால் அயர்லாந்தியர். நிலம் கொண்டதாக ஒருவரும் எழுதாதவர்களின் பெயரை நிலமே வைத்துக்கொண்டிருக்கிறது.

பிரெய்தாஃப்யோர்துர் வளைகுடாவில் பெரும்பரப்பு கொண்ட ஔதுர் என்ற பெருமாட்டி, தம்மோடு வந்த விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் நிலம் பிரித்துத் தந்தார். ஹுண்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெற்ற பள்ளத்தாக்கு இன்றும் ஹுண்டாதாலுர். ஆனால் நூலில் அவர்களுக்கான வினை வேறு. ஔதுர் கொண்டார், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

இந்த வினை ஒதுக்கீடு எதற்காக என்பதற்கு 17ஆம் நூற்றாண்டின் ஒரு பிரதி காத்துவைத்திருக்கும் பழைய பின்னுரை விடை தருகிறது. நீங்கள் அடிமைகளின், கயவர்களின் வழிவந்தவர்கள் என்று அயல்நாட்டார் பழித்தால் பதில் சொல்ல நம் மெய்யான வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நூல் 12, 13ஆம் நூற்றாண்டுகளின் நில உரிமைகளுக்கே அரணாக எழுந்தது என்று 1974இல் வரலாற்றாய்வாளர் ஸ்வெய்ன்பியோர்ன் ராஃப்ன்சன் வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாய்பாடாக வரும் அந்த ஒற்றை வினை ஏன் அவ்வளவு சிக்கனமாகச் சிலருக்கு மட்டும் வழங்கப்பட்டது என்பது விளங்கிவிடும்.

நூல் ஒதுக்கிவைத்ததை உடல்கள் சொல்கின்றன. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஆக்னார் ஹெல்காசனும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட முடிவுகளின்படி, ஐஸ்லாந்தின் தந்தைவழி மரபில் சுமார் நான்கில் மூன்று பங்கோ அதற்கும் மேலோ ஸ்கண்டிநேவியாவைச் சேர்ந்தது. தாய்வழி மரபில் சுமார் 62 விழுக்காடு பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்தது. முதல் தலைமுறைத் தாய்மார்களில் பெரும்பகுதியினர் கேலிக் பேசிய கரைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் மனைவியராக விரும்பி வந்தார்கள், எத்தனை பேர் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை மரபணு சொல்லாது. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு குடியேற்ற நூலைத் திரும்ப வாசிக்கும்போது, ஒவ்வொரு ‘கொண்டார்’ பின்னாலும் பெயர் எழுதப்படாத ஒரு கூட்டம் நடந்துவருவதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

மண்ணும் சாட்சி. வாட்னாஓல்துர் எரிமலைப் பிளவிலிருந்து பறந்த சாம்பல் தீவின் பெரும்பகுதியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. அதற்குப் பெயரே லாண்ட்நாம் படலம். கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் அதே சாம்பலைக் கண்டு 871 என்று, இரண்டாண்டு முன்பின்னாக, காலம் கணித்தார்கள். பிந்தைய ஆய்வு அதை 877ஐ ஒட்டி நகர்த்தியிருக்கிறது. மனிதத் தடயங்கள் அநேகமாக எல்லாம் இந்தப் படலத்துக்கு மேலேதான். ரெய்க்யாவிக்கின் அதால்ஸ்ட்ரைட்டி தெருவில் 2001இல் அகழ்ந்தபோது 10ஆம் நூற்றாண்டின் நீள்வீடு ஒன்று வெளிப்பட்டது. அருகே ஒரு மண்சுவரின் துண்டு படலத்துக்குக் கீழே கிடந்தது. 871 என்ற கணிப்பை வைத்துப் பார்த்தால், 874 என்று மரபு சொல்லும் இங்கோல்ஃபுரின் ஆண்டுக்குச் சற்று முன்னரே யாரோ அங்கே சுவர் வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் எந்தப் படியிலும் இல்லை. படலத்துக்கு மேலே பூர்ச்ச மரத்தின் மகரந்தம் சரிந்து புல் மகரந்தம் ஏறுகிறது. குடியேறிய காலத்தில் தீவின் நிலப்பரப்பில் கால்பங்குக்கும் மேல் மரம் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் எஞ்சியது சுமார் ஒரு விழுக்காடு. ஆடு மேய்ந்தது, இரும்பு உருக்கக் கரி எரிந்தது, வேர்ப்பிடி இழந்த எரிமலை மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது.

மகரந்தத்தின் வழியாகவே இந்தச் சொல் கடல் கடந்தது. டென்மார்க்கின் மகரந்த ஆய்வாளர் யொஹான்னஸ் இவர்சன் 1941இல் எழுதிய ஆய்வுக்கு ‘டென்மார்க்கின் கற்காலத்தில் லாண்ட்நாம்’ என்று பெயர் வைத்தார். ஏரிச் சேற்றில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கரித்துகள். மர மகரந்தம் திடீரென இறங்குகிறது. புல்லும், இசப்கோலின் இனத்தைச் சேர்ந்த ஒரு களையும் ஏறுகின்றன. பிறகு பூர்ச்சம், ஹேசல், கடைசியில் பழைய காடு திரும்புகிறது. வேளாண் மக்கள் வந்து காட்டை வெட்டி எரித்து விதைத்து, பின் நகர்ந்துபோன சுவடு இது என்றார். நம்பாதவர்களுக்காக 1950களில் ட்ராவெட் காட்டில் உண்மையான கற்கோடரிகளால் மரம் வெட்டி, எரித்து, விதைத்தும் காட்டினார்கள். வெட்ட முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் டென்மார்க் ஆளில்லாத தீவாக இருந்ததில்லை. மீனும் சிப்பியும் மானும் உண்டு வாழ்ந்த மக்கள் அந்தக் கரைகளில் நெடுங்காலம் இருந்தார்கள். மகரந்த மாற்றத்தில் அவர்களுடைய கைவேலையும் உண்டு, கால்நடைக்கு எல்ம் மரத்தின் இலை ஒடித்ததும் காரணமாகலாம் என்று அதே நாட்டின் இன்னோர் ஆய்வாளர் ட்ரோல்ஸ்-ஸ்மித் எதிர்வாதம் வைத்தார். சொல்லைத் தேர்ந்த கணத்திலேயே, வந்தவர்கள்தான் எழுவாய் என்பது பாதி முடிவாகிவிட்டிருந்தது. அறிவியல் கலைச்சொற்களை நாம் இரவல் வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். பழைய சொல் தன் பழைய இலக்கணத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

இதே சொல் கனடாவுக்கும் போனது; அங்கே நடந்தது ஏட்டளவில் நிற்கவில்லை. வறுமை துரத்த, 1875 அக்டோபரில் ஐஸ்லாந்தியர் கூட்டம் ஒன்று வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கியது. கனடா அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் அது. ‘புதிய ஐஸ்லாந்து’ என்று பெயரிட்டார்கள். ஊருக்கு கிம்லி என்று பெயர். தங்கள் வருகைக்கு அவர்கள் எடுத்தாண்ட சொல் லாண்ட்நாம். ஓலாஃபுர் தோர்கெய்ர்சன் வின்னிபெக்கில் நடத்திய ஆண்டுமலர், மேற்குலக ஐஸ்லாந்தியரின் லாண்ட்நாம் வரலாற்றைப் பழைய நூலின் முறையிலேயே, குடும்பம் குடும்பமாக, வருடக்கணக்கில் தொகுத்து வெளியிட்டது. பசியும் குளிரும் தாண்டி வந்தவர்கள் தங்கள் பாட்டனார்களின் வினையை எடுத்து வைத்துக்கொண்டதை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லுக்குள் அவர்களுக்கு மானம் இருந்தது.

ஆனால் ஏரிக்கரை ஆளில்லாத இடமில்லை. 1876 கோடையில் குடியேறிகள் வடக்கே நகர்ந்து, அதுவரை வெண்சேற்று ஆறு எனப்பட்ட ஆற்றின் கரையில் மரவீடு கட்டத் தொடங்கியபோது, அங்கே வாழ்ந்த சால்டோ என்ற பூர்வகுடி இனத்தவரான ஜான் ராம்சே குறுக்கே வந்து நின்றார். இது எங்கள் இடம் என்றார். சச்சரவு அரசு அலுவலர் வரை போயிற்று. வீடு எழுந்தது, ஆறு ‘ஐஸ்லாந்தியர் ஆறு’ ஆயிற்று. அந்த ஆண்டே இலையுதிர் காலத்தில் பெரியம்மை பரவியது. ஐஸ்லாந்தியரில் சுமார் நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். ராம்சேயின் மனைவி பெட்ஸியும் இறந்தார். சுற்றியிருந்த அவர் இனத்தாரை அந்த நோய் இன்னும் கொடுமையாக வாரிக்கொண்டு போனது. ராம்சே பின்னாளில் அந்தக் குடியேறிகளுக்கு வேட்டையிறைச்சி கொண்டுவந்து கொடுத்து உதவியதை ஐஸ்லாந்தியரே நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார்கள். மனைவியின் புதைகுழிக்கு அவர் வாங்கி நாட்டிய சலவைக்கல்லைப் பிற்காலத் தலைமுறையினர் பேணிவந்தார்கள். நல்லவராகவும் உதவியவராகவும் அவருக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைத்தது. நிலத்தை இழந்தவராக எழுத அவர்களுடைய வினையில் இடமில்லை. யாரிடமிருந்து என்று கேட்கும் வரலாற்றை எழுத இன்னும் நூறாண்டு ஆயிற்று. அதை எழுதியவர்கள் ஐஸ்லாந்து மொழி ஆவணங்களோடு அரசின் நிலக்கோப்புகளையும், சால்டோ மக்கள் அலுவலர்களிடம் கொடுத்த முறையீடுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது.